கட்டத்தில் விழும் கிளிக்: மேசைக்கணினிச் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை, மருத்துவமனை வரவேற்பு, கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம் என்று எங்கெல்லாமோ ஓடிக்கொண்டிருக்கும் மேசைக்கணினிச் செயலிகளை எழுதுகிற தோழர்களுக்கு:

எல்லாம் பிரவுசருக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அங்கே ஜாவா ஸ்விங்கிலோ, டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸிலோ, கியூட்டியிலோ எழுதிய ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதில் முக்கால் பாகத்தை ஓர் அட்டவணை அடைத்துக்கொண்டிருக்கிறது. யாரோ அதன் ஒரு கட்டத்தில் மவுஸை வைத்து அழுத்துகிறார். அந்த அழுத்தலுக்கு உங்கள் செயலி என்ன பொருள் கொள்கிறது என்பதுதான் இந்த மடலின் விஷயம். கிளிக் ஓர் இடத்தை மட்டுமே சொல்கிறது. அது எந்தப் பதிவு என்றோ, அதை என்ன செய்ய வேண்டும் என்றோ சொல்வதில்லை. இடத்திலிருந்து பதிவுக்கும், பதிவிலிருந்து செயலுக்கும் போகும் வழியை நிரல் எழுதுபவர்தான் போட வேண்டும். கட்டக் கிளிக் சம்பந்தமான பக்குகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டு படிகளில் ஏதோ ஒன்றைத் தாவியிருப்பது தெரியும். (பள்ளிக் கணக்கில் நிரை, நிரல் என்று படித்திருப்போம். நிரல் என்பது ப்ரோகிராமுக்கும் பெயராகிவிட்டதால் இங்கே வரிசை, நெடுவரிசை என்றே எழுதுகிறேன்.)

கட்டம் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். திரையில் ஆயிரம் வரிசை, பத்து நெடுவரிசை கொண்ட அட்டவணை இருந்தால் பத்தாயிரம் கட்டங்கள் இருப்பதாகக் கண் நினைக்கிறது. ஸ்விங்கின் ஜேடேபிளில் அப்படிப் பத்தாயிரம் பொருள்கள் கிடையாது. ரெண்டரர் என்கிற ஒரே ஒரு கூறு, ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் வாங்கி அந்த இடத்தில் தன் உருவத்தைப் பதித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. தபால் நிலையத்து ரப்பர் ஸ்டாம்பு மாதிரி: உறையில் முத்திரை இருக்கும், ஸ்டாம்பு ஊழியரின் மேசையில் இருக்கும். புதிதாக ஸ்விங் எழுதுகிறவர்கள் ரெண்டரராக ஒரு பட்டனைக் கொடுத்து, அந்தப் பட்டனிலேயே கிளிக் கேட்பானை மாட்டிவிட்டு, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். அழுத்தப்பட்டது பட்டன் அல்ல, பட்டனின் முத்திரை. நிகழ்வு போய்ச் சேர்வது அட்டவணைக்கு. அதுவும் இத்தனை பிக்சல் குறுக்கே, இத்தனை பிக்சல் கீழே என்ற புள்ளியாக மட்டும். அந்தப் புள்ளியை ரோஅட்பாயின்ட், காலம்அட்பாயின்ட் என்ற இரண்டு செயற்கூறுகளிடம் கொடுத்தால் வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் கிடைக்கும். புள்ளி எந்த வரிசையிலும் விழாவிட்டால் -1 கிடைக்கும். டாட்நெட்டின் டேட்டாகிரிட்வியூ ஒரு படி மேலே போய், எண்களைக் கணக்கிட்டே கையில் தருகிறது. ஆனால் தலைப்பில் அழுத்தினாலும் அதே செல்கிளிக் நிகழ்வுதான் வரும், வரிசை எண் -1 ஆக. அதைப் பார்க்காமல் நேராக வரிசையை எடுக்கப் போன செயலி, வரம்பு மீறிய எண் என்று புலம்பிவிட்டு விழும்.

விழுந்தால்கூடப் பரவாயில்லை, தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். விழாமல் தவறான பதிவைத் தொடுகிற செயலிதான் ஆபத்து. ஒரு மருந்துக் கடைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். சரக்கு வந்த வரிசையில் உள்ளே நான்கு பதிவுகள்: 0-இல் பாராசிட்டமால், 1-இல் அமாக்சிசிலின், 2-இல் செட்டிரிசின், 3-இல் மெட்பார்மின். கடைக்காரர் 'பெயர்' என்ற தலைப்பை அழுத்துகிறார். திரையில் இப்போது அமாக்சிசிலின், செட்டிரிசின், பாராசிட்டமால், மெட்பார்மின் என்று அகர வரிசை. உள்ளே இருக்கும் தரவு மாடல் அசையவே இல்லை. அவர் செட்டிரிசினை அழுத்துகிறார். திரைக் கணக்கில் அது வரிசை 1. உங்கள் நிரல் அந்த 1-ஐ அப்படியே மாடலிடம் நீட்டினால் கிடைப்பது அமாக்சிசிலின். தும்மலுக்கு மாத்திரை விற்றதற்கு ஆன்டிபயாடிக்கின் இருப்பு குறைகிறது. கடைக்காரர் பாராசிட்டமாலை அழுத்தினால் செட்டிரிசினில் கை வைக்கும். இதில் வேடிக்கை, மெட்பார்மின் மாடலிலும் திரையிலும் 3-இலேயே இருக்கிறது. சோதனை செய்பவர் கடைசி வரிசையை அழுத்திப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொன்னால், அவர் சொன்னதில் பொய் இல்லை. ஸ்விங்கில் இதற்கு மருந்து ஒரே வரி: திரை எண்ணை மாடல் எண்ணாக மாற்றித் தரும் கன்வர்ட்ரோஇண்டெக்ஸ்டுமாடல். கியூட்டியில் வடிகட்டி அடுக்கும் ப்ராக்ஸி மாடலின் மேப்டுசோர்ஸ். டேட்டாகிரிட்வியூவில் வரிசையின் டேட்டாபவுண்ட்ஐட்டம் என்ற பண்பு, எந்த எண்ணும் இல்லாமல் பதிவையே கையில் கொடுத்துவிடுகிறது. மூன்றில் எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் எண் என்பதே இங்கே சந்தேகத்துக்குரிய சரக்கு. கியூட்டியில் ப்ராக்ஸியின் இண்டெக்ஸைத் தவறான மாடலிடம் கொடுத்தால் எச்சரிக்கைச் செய்தியாவது வரலாம். அதிலிருந்து வரிசை எண்ணை மட்டும் உருவி எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும். 1 என்ற எண் யாருடைய 1 என்பதைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

'எங்கள் அட்டவணையில் வரிசை மாற்றும் வசதியே இல்லை, எதற்கு இந்த வேலை?' என்று கேட்கலாம். இன்று இல்லை, சரி. ஜேடேபிளில் அந்த வசதி ஆரம்பத்தில் கிடையாதுதான். 2006 இறுதியில் வந்த ஜாவா 6-இல்தான் ரோசார்ட்டர் சேர்ந்தது. சேர்ந்த பிறகு அதை இயக்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எழுதப்போவது நீங்களாக இருக்காது. இரண்டு வருடம் கழித்து, 'பெயர் வாரியாகப் பார்க்க முடியுமா' என்று வாடிக்கையாளர் கேட்டதற்காக இன்னொருவர் எழுதுவார். கிளிக்கைக் கையாளும் நிரல் வேறொரு கோப்பில் இருக்கும், அவர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். பக் அவர் பெயரில் பதிவாகும், விதைத்தது நீங்கள். வரிசையை விடுங்கள், நெடுவரிசையைப் பாருங்கள். ஜேடேபிளில் தலைப்பைப் பிடித்து இழுத்து நெடுவரிசைகளை இடம் மாற்றும் வசதி, நீங்கள் கேட்காமலே முதல் நாளிலிருந்து திறந்தே இருக்கிறது; வேண்டாமென்றால்தான் மூட வேண்டும். 'நெடுவரிசை 4 அழுத்தப்பட்டால் நீக்கு' என்று எழுதியிருந்தீர்கள் என்றால், பயனர் விலையை அந்த 4 என்ற இடத்துக்கு இழுத்துவிட்ட நாளில் விலையை அழுத்தினால் பதிவு நீங்கும். இந்த விஷயத்தில் டேட்டாகிரிட்வியூ நிதானமானது: நெடுவரிசை எங்கே நகர்ந்தாலும் அதன் எண் மாறாது, காட்சி இடத்துக்கென்று தனியாக டிஸ்ப்ளேஇண்டெக்ஸ் என்ற எண்ணை வைத்துக்கொள்கிறது. ஒரு கருவியில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இன்னொரு தாவல் இருக்கிறது, பார்வைக்கு இன்னும் சாது. புள்ளியைக் கணக்கிடும் சிரமம் எதற்கு, தேர்ந்தெடுத்த வரிசையைக் கேட்டால் போதுமே என்று கெட்செலக்டட்ரோவை அழைப்பது. இடது பொத்தானால் ஒரு வரிசையின் மேலேயே அழுத்தும்வரை இரண்டும் ஒன்றுதான். பட்டியலுக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. ஜாவா 6 முதல், அட்டவணை அந்த வெற்றிடத்தையும் நிரப்பிக்கொள்ளும்படி அமைக்கலாம். அப்படி அமைத்த அட்டவணையின் வெற்றிடத்தில் ஒருவர் டபுள் கிளிக் செய்தால் நிகழ்வு வரும், ஆனால் தேர்வு மாறாது. பத்து நிமிடம் முன்பு தேர்ந்தெடுத்த பழைய பதிவு திறந்துகொண்டு நிற்கும். வலது பொத்தான் இதைவிட மோசம். ஜேடேபிளிலும் டேட்டாகிரிட்வியூவிலும் வலது கிளிக் தேர்வை நகர்த்துவதில்லை. எக்ஸெலிலும் விண்டோஸின் கோப்புறைகளிலும் வலது கிளிக் செய்தால், சுட்டியதே தேர்வாகிவிடும் என்று பழகிய பயனர், ஏழாவது வரிசையின் மேல் வலது கிளிக் செய்து 'நீக்கு' என்கிறார். நீங்குவது அதற்கு முன் தேர்ந்திருந்த இரண்டாவது வரிசை. மெனு அவர் சுட்டிய இடத்தில்தான் விரிந்தது என்பதால் அவருக்குச் சந்தேகமும் வராது. மெனுவை விரிப்பதற்கு முன்பே புள்ளியிலிருந்து வரிசையைக் கண்டுபிடித்து, தேர்வை அங்கே நகர்த்திவிட வேண்டும். மெனு எப்போது விரிய வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம்: விண்டோஸில் பொத்தானை விடும்போது, மேக்கிலும் லினக்ஸிலும் அழுத்தும்போது. ஆகவே ஸ்விங்கில் இது மெனுவை விரிக்கும் நிகழ்வுதானா (பாப்அப் ட்ரிக்கர்) என்பதை அழுத்தும் நிகழ்விலும் விடும் நிகழ்விலும் கேட்டாக வேண்டும்.

அழுத்துவது, விடுவது என்று பிரித்துப் பேசத் தொடங்கிவிட்டோம். கிளிக் என்று ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு நிகழ்வுகள், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் காலம். ஸ்விங்கில் அழுத்திய பின் மவுஸ் சற்று இழுபட்டுவிட்டால் மவுஸ்கிளிக்டு நிகழ்வு வராமலே போகலாம். கை நடுங்கும் முதியவர் மூன்று முறை அழுத்தியும் எதுவும் நடக்காதது அதனால்தான். இதைக் கண்டுகொண்ட நிரலாளர்கள் எல்லா வேலையையும் அழுத்தும்போதே வரும் மவுஸ்பிரஸ்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அது வேறொரு கதவை மூடுகிறது: தவறான இடத்தில் அழுத்திவிட்டோம் என்று உணர்ந்து, விடாமலே நகர்த்திப் போய் வேறு இடத்தில் விட்டுத் தப்பிக்கும் வாய்ப்பு பயனருக்கு இல்லாமல் போகிறது. 2018-இல் வந்த இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு, அழுத்திய கணத்திலேயே செயலை முடித்துவிடக் கூடாது, பின்வாங்க வழி வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே விதியாக வைத்தது. இணையத்துக்கு எழுதிய விதிதான், ஆனால் விரல் எல்லா இடத்திலும் ஒரே விரல். நடுவழி இருக்கிறது. அழுத்தும்போது எந்தப் பதிவின் எந்த நெடுவரிசை என்று குறித்துக்கொண்டு, தேர்வை மட்டும் அங்கே நகர்த்துங்கள். விடும்போது மறுபடி பாருங்கள். அதே பதிவு, அதே நெடுவரிசை என்றால் செயலைத் தொடங்குங்கள். பிக்சலை ஒப்பிட வேண்டாம், பதிவை ஒப்பிடுங்கள். கை நடுங்கியவருக்கும் வேலை நடக்கும், மனம் மாறியவரும் தப்பிப்பார்.

டபுள் கிளிக்கில் அந்த நடுக்காலம் நீண்டுவிடுகிறது. விண்டோஸில் இரண்டு அழுத்தல்களுக்கு இடையே இயல்பாக அனுமதிக்கப்படும் நேரம் 500 மில்லிசெகண்ட். பங்குச் சந்தை ஆர்டர்களோ, மருத்துவமனை டோக்கன்களோ மேலே வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் அட்டவணையில் அரை செகண்ட் என்பது நீண்ட காலம். முதல் அழுத்தல் ஒரு நோயாளியின் வரிசையில் விழுகிறது. அதற்குள் மேலே புதிய டோக்கன் ஒன்று வந்து எல்லா வரிசையையும் ஒரு படி கீழே தள்ளுகிறது. இரண்டாவது அழுத்தல் அதே பிக்சலில், வேறொரு நோயாளியின் மேல் விழுகிறது. ஜாவாவின் கிளிக் எண்ணிக்கை 2 என்று சொல்லும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது நேரமும் இடமும்தான். கியூட்டியின் அட்டவணைக் காட்சி இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. முதலில் அழுத்தப்பட்ட கட்டத்தை, வரிசைகள் நகர்ந்தாலும் தன் பதிவை விடாத ஒரு நிலைத்த இண்டெக்ஸாக வைத்துக்கொள்கிறது. இரண்டாவது அழுத்தல் வேறு கட்டத்தில் விழுந்தால் அதை டபுள் கிளிக்காக ஏற்பதில்லை, புதிய ஒற்றை அழுத்தலாகவே எடுத்துக்கொள்கிறது. ஸ்விங்கில் எழுதுகிறவர்கள் இந்த நான்கு வரியைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனையும் முதல் படி, இடத்திலிருந்து பதிவுக்கு. இரண்டாவது படியில் எனக்கும் உங்களில் பலருக்கும் கருத்து வேறுபாடு இருக்கும். 'பயனருக்கு வேகம் வேண்டும், ஒரே கிளிக்கில் காரியம் முடிய வேண்டும்' என்பது நியாயமான வாதம். டிக் போடும் கட்டத்துக்கு அது பொருந்தும். தவறினால் இன்னொரு முறை அழுத்தி எடுத்துவிடலாம். (டேட்டாகிரிட்வியூவில் டிக் போட்ட கணத்திலேயே மதிப்பைப் படித்தால் பழைய மதிப்பு கிடைக்கும், மாற்றம் உறுதியாக வேண்டுமென்றால் கமிட்எடிட் அழைக்க வேண்டும் என்பது வேறு கதை.) நீக்கு, பணம் செலுத்து, மருந்து வழங்கு போன்றவற்றை ஒற்றைக் கிளிக்கில் கட்டத்துக்குள் வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். காரணம், அட்டவணையின் உருவமே. தனியாக நிற்கும் ஒரு பட்டனைக் குறி தவறினால் கை வெற்றிடத்தில் விழும், ஒன்றும் ஆகாது. அட்டவணையில் குறி தவறினால் கை விழும் இடம் பெரும்பாலும் பக்கத்து வரிசை. அது வேறொருவரின் பதிவு, அதிலும் அதே 'நீக்கு' பட்டன். கையில் ஒரு கோலைக் கொடுத்துத் தகடுகளை மாறி மாறித் தட்டச் சொல்லி பால் ஃபிட்ஸ் 1954-இல் செய்த சோதனைகள் காட்டியது, இலக்கு குறுகினால் ஒன்று நேரம் கூடும் அல்லது தவறு கூடும் என்பதைத்தான். ஜேடேபிளின் இயல்பான வரிசை உயரம் 16 பிக்சல். டேட்டாகிரிட்வியூவில் எழுத்துருவின் உயரத்தோடு 9 பிக்சல் சேர்த்தது. 2023-இல் வந்த அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, போதிய இடைவெளி இல்லாத இலக்குக்குக் கேட்பது 24-க்கு 24. வரிசைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாத, 16 பிக்சல் உயரமுள்ள இலக்குகளின் அடுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. உயரத்தைக் கூட்டுங்கள், அதற்குப் பிறகும், திரும்பப் பெற முடியாத செயலை அட்டவணைக்கு வெளியே, தேர்ந்த பதிவின் பெயரைச் சொல்லிக் கேட்கும் ஒரு பட்டனில் வையுங்கள். 'செட்டிரிசின் பதிவை நீக்கு' என்று பட்டன் சொன்னால் முதல் படியில் நேர்ந்த தவறுகூட அங்கே பிடிபடும்.

'கட்டத்துக்குள் பட்டன் வேண்டுமென்று வாடிக்கையாளர் அடம் பிடிக்கிறார்' என்பீர்கள். வையுங்கள். ஆனால் எந்த நிகழ்வில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். டேட்டாகிரிட்வியூவில் செல்கிளிக் என்பது கட்டத்தின் எந்தப் பகுதியை, ஓரத்து வெற்றிடத்தைக்கூட, தொட்டாலும் வரும். உள்ளிருக்கும் பட்டனையே தொட்டால்தான் செல்கன்டென்ட்கிளிக் வரும். பட்டனுக்கு இரண்டாவதுதான் சரி. அதே இரண்டாவதை எழுத்து உள்ள கட்டத்தில் வைத்தால், எழுத்தின் மேல் அழுத்தினால் வேலை நடக்கும், எழுத்துக்குப் பக்கத்து வெள்ளையில் அழுத்தினால் நடக்காது. 'சில சமயம் வேலை செய்யுது, சில சமயம் செய்யல' என்ற தொலைபேசிப் புகாரின் மூலம் அது. விஷுவல் ஸ்டுடியோவின் வடிவமைப்புத் திரையில் கிரிட்டை டபுள் கிளிக் செய்தால் உருவாகும் நிகழ்வும் இதே செல்கன்டென்ட்கிளிக்தான் என்பதால், தெரிந்தே தேர்ந்தெடுத்து எழுதியவர்கள் இதில் குறைவு.

கடைசியாக ஒன்று. அட்டவணை திரைக்கு வந்தது மவுஸைப் பிடித்துக்கொண்டு அல்ல. டான் ப்ரிக்ளினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் எழுதிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினியில் வந்தபோது கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போனது விசைப்பலகையால். 1985-இல் மேக்கின்டாஷில் வந்த எக்ஸெல் மவுஸைச் சேர்த்துக்கொண்டது. ஒரு கிளிக் என்றால் தேர்வு என்ற அதன் ஒழுங்கு இன்றும் மாறவில்லை. கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பில் போடுகிறவர் மவுஸைத் தொடவே விரும்புவதில்லை. திரைவாசிப்பான் கொண்டு வேலை செய்யும் பார்வையற்ற ஊழியருக்கு மவுஸ் இருந்தும் இல்லாததுதான். செயலைக் கிளிக் நிகழ்வுக்குள் எழுதிப் புதைத்துவிட்டால் இவர்களுக்கு அந்தச் செயலி பூட்டிய கடை. 'பதிவைத் திற' என்று ஒரு செயலைத் தனியாக எழுதி, அது பதிவை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். டபுள் கிளிக்கும் என்டர் விசையும் மெனுவும் அதையே அழைக்கட்டும். ஸ்விங்கின் ஆக்‌ஷன் இதற்காகவே இருக்கிறது. கியூட்டியின் ஆக்டிவேட்டட் சமிக்ஞை, அந்தந்த இயங்குதள வழக்கப்படி கிளிக்கையும் என்டரையும் ஒன்றாகவே சேர்த்துத் தருகிறது. 'சின்னச் செயலிக்கு இவ்வளவு ஏற்பாடா' என்றால், ஏற்பாடு இருபது வரியைத் தாண்டாது. சின்னச் செயலிகள்தான் பத்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடுகின்றன.

ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பை அனுப்புவதற்கு முன் உங்கள் அட்டவணையில் ஒரு தலைப்பை அழுத்தி வரிசையை மாற்றுங்கள், ஒரு நெடுவரிசையை இழுத்து இடம் மாற்றுங்கள், பிறகு நடுவில் உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் வலது கிளிக் செய்து என்ன திறக்கிறது என்று பாருங்கள். கடைசி வரிசையை மட்டும் அழுத்திப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள்.